உபகாரமா, கடமையா?

படிக்கும் பிள்ளைகளுக்கென்று கொடுக்கப்படும் பணத்துக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் இட்டு வழங்கும் பெயர் உபகாரச் சம்பளம் என்பதாகும். அப்பெயரைச் சற்றே உற்று நோக்கினால் அதனுள் ஒரு கருத்து மறைந்து கிடப்பது புலனாகும். கொடுப்பவர் உபகாரி, பெறுபவர் உபகாரத்துக்கு ஆளானவர். கொடுப்பதும் கொடாதிருப்பதும் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தவை. கொடுத்தால் புகழுண்டு, கொடாவிட்டால் பழியில்லை. இக்கருத்து எல்லா இடத்திலும் பொருந்துமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் கேள்வி.

விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கு துறைகளை முன்வைத்து இக்கேள்வியை ஆராய விரும்புகிறோம். பல நாடுகளிலும் இத்துறைகளில் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளும், பின்தங்கிய சமூகத்தாரும் குறைந்த தொகையினராகவே இருந்து வருகின்றனர். பொறியியலிலும் இயற்பியலிலும் கணினித் துறையிலும் பெண்மக்களின் தொகையும் அவ்வாறே குறைந்திருக்கிறது. இவர்களுக்கு அறிவில்லை என்று இன்று எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அறிவிருந்தும் இவர்கள் ஏன் உள்ளே வரவில்லை? வரச் செய்வது யாருடைய பொறுப்பு?

மற்றக் கல்விக்கும் விஞ்ஞானக் கல்விக்கும் ஒரு வேற்றுமை உண்டு. சரித்திரத்தையும் இலக்கியத்தையும் ஒருவர் நாற்பது வயதிலும் தாமாகவே படித்துத் தேறலாம். கணிதம் அப்படிப்பட்டதன்று. பின்னம் விளங்காத பிள்ளைக்கு இயற்கணிதம் விளங்காது; இயற்கணிதம் விளங்காத பிள்ளைக்கு நுண்கணிதம் எட்டாது; நுண்கணிதம் இல்லாமல் பொறியியல் இல்லை. பேரேட்டின் முதற்பக்கத்தில் விழுந்த பிழை பக்கந்தோறும் முன்கொணர்ந்த தொகையாக வந்துகொண்டே இருப்பதை வியாபாரிகள் நன்கறிவர். அதுபோலவே, பத்து வயதில் விட்ட பாடம் இருபது வயதில் வந்து வழியை மறிக்கிறது. நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதத்தைக் கைவிட்ட மாணவனுக்குப் பல பட்டப்படிப்புகளின் கதவு அன்றே சாத்தப்பட்டுவிடுகிறது. அவ்வேளையில் அவனுக்கு வயது பதினாறு. கதவு சாத்தப்பட்ட ஓசைகூட அவன் காதில் விழுவதில்லை.

வியாபாரியின் ஆட்சேபம்

இவ்விஷயத்தில் நம் வியாபாரப் பெருமக்களிற் சிலர் எழுப்பும் ஆட்சேபம் ஒன்றுண்டு. அதனை அலட்சியமாகத் தள்ளிவிடுதல் முறையன்று. அவர்கள் கூறுவது யாதெனில்:

“பள்ளிக்கூடம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பாடப்புத்தகம் ஒன்றே, பரீட்சைத்தாள் ஒன்றே. தராசு அனைவருக்கும் ஒன்றாக இருக்கும்போது, ஒருவன் பக்கம் மட்டும் கை வைத்து அழுத்துவது நியாயமாகுமா? எங்கள் பாட்டனார் மாற்றுத் துணியோடு ரஜூலா கப்பலில் வந்திறங்கினார். அவருக்கு எவர் உபகாரச் சம்பளம் கொடுத்தார்? உழைத்தார், உயர்ந்தார். இக்காலத்துப் பிள்ளைகளும் அப்படியே உயரட்டுமே.”

இவ்வாதத்தில் உண்மையில்லை என்று கூறிவிட முடியாது. தராசு நேராக இருக்க வேண்டும் என்பது வியாபாரத்தின் முதல் அறம். தன் உழைப்பால் உயர்ந்தவன், உழையாதவனுக்குச் சலுகை தரக்கூடாது என எண்ணுவதும் இயல்பே. ஆகவே இவ்வாதத்துக்கு விடையை வேறெங்கும் தேடாமல், தராசினிடமே கேட்போம்.

தடை கட்டும் முறை

எண்ணெயை நிறுத்து விற்ற நாட்களை முதியவர்கள் நினைவிற் கொள்வார்கள். ஒருவர் கனத்த பித்தளைத் தூக்கைக் கொண்டு வருவார். மற்றொருவர் மெல்லிய தகரப் பாத்திரத்தைக் கொண்டு வருவார். இருவரும் கேட்பது ஒரே அளவு எண்ணெய். இருவரும் கொடுப்பது ஒரே விலை. நேர்மையான கடைக்காரர் என்ன செய்வார்? முதலில் வெறும் பாத்திரத்தை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் கல்லோ ஆணியோ இட்டு, முள்ளை நேராக நிறுத்துவார். இதற்குத் தடை கட்டுதல் என்று பெயர். அதற்குப் பின்னரே படிக்கல்லை வைத்து எண்ணெயை வார்ப்பார். இன்று மின்தராசு வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் பாத்திரத்தின் எடை கழிந்துபோகிறது. கருவி மாறினாலும் முறை மாறவில்லை.

தடை கட்டாமல் நிறுத்தால் நேர்வது என்ன? கனத்த பாத்திரம் கொண்டுவந்தவருக்கு எண்ணெய் குறைந்துவிடும். தராசும் ஒன்று, படிக்கல்லும் ஒன்று, விலையும் ஒன்று; ஆயினும் ஒருவர் ஏமாந்துபோகிறார். அவருக்காகத் தடை கட்டிய கடைக்காரரைப் பார்த்து, “நீர் ஒருதலைப்பட்சமாக நடக்கிறீர்” என்று எவரேனும் குறை கூறியதுண்டா? “இவர் தருமம் செய்கிறார்” என்று புகழ்ந்ததுதான் உண்டா? இரண்டும் இல்லை. சேரவேண்டியதை அவர் சேர்ப்பித்தார், அவ்வளவே.

பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் வெவ்வேறு கனமுள்ள பாத்திரங்களோடுதான் வருகின்றனர். ஒரு பிள்ளைக்கு வீட்டில் தனியறை, மேசை, விளக்கு, மாலையில் தனிப்பாட ஆசிரியர். இன்னொரு பிள்ளை பள்ளி விட்டதும் ஒட்டுக்கடைக்குப் போய் இரவு பத்து மணிவரை தட்டுக் கழுவுகிறது. ஒரு வீட்டில் அண்ணன் பொறியியலாளர். எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும், எதை விடக்கூடாது என்று சாப்பாட்டு வேளையிலேயே சொல்லிவிடுகிறார். இன்னொரு வீட்டிலோ பாடத் தெரிவுத் தாளில் கையொப்பமிடும் தகப்பனாருக்கு அதில் எழுதியிருப்பது என்னவென்றே தெரியாது.

மொழியின் கனமும் உண்டு. மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாவிட்டால், இடைநிலைப்பள்ளியில் முதற்படிவத்துக்குச் செல்லுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கூடுதலாகக் கழிக்க வேண்டும். அந்நாட்டில் 2003ஆம் ஆண்டு தொடங்கிக் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டு அம்முறையைக் கைவிட முடிவு செய்யப்பட்டது. எந்த மொழி நன்று என்ற வாதத்தில் நாம் இங்கு இறங்கவில்லை. எந்த மொழியானாலும், அது வீட்டில் பேசப்படாத மொழியாக இருக்குமானால், கணக்கைப் புரிந்துகொள்ளுமுன் கேள்வியைப் புரிந்துகொள்ளும் வேலை அப்பிள்ளைக்கு அதிகப்படியாக வந்து சேர்கிறது. அதே உழைப்பைக் கொடுத்தும் குறைந்த கல்வியையே பெற்றுச் செல்கிறது அப்பிள்ளை.

இனி, பாட்டனாரின் கதைக்கு வருவோம். அவர் உழைத்தது முற்றிலும் உண்மை. ஆனால் அவர் தனியே உயர்ந்தாரா? ஊர்க்காரர் ஒருவரின் கடையில் அவருக்குப் படுக்க இடம் கிடைத்தது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலே நின்று, எந்தச் சரக்கை எப்போது வாங்குவது, எவருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கொடுக்கலாகாது என்பதை மூத்தவர் வாயிலாகக் கற்றார். சொந்தமாகக் கடை வைத்த நாளில், இன்னாருடைய ஆள் என்ற பெயரை நம்பி மொத்த வியாபாரி தவணைக்குச் சரக்குக் கொடுத்தார். சபுர் வந்த நம் முன்னோர் பலருடைய வாழ்வும் இவ்வாறே தொடங்கிற்று. அதற்கு உபகாரச் சம்பளம் என்று பெயரிடவில்லை. மனிதர் மனிதருக்குச் செய்யும் முறை என்றே கொண்டனர். வியாபாரத்துக்குப் பிள்ளையைப் பழக்கும் இந்த ஏற்பாடு நம்மிடம் தலைமுறை தலைமுறையாக உண்டு. விஞ்ஞானத்துக்குப் பழக்கும் ஏற்பாடு எத்தனை வீடுகளில் உண்டு?

இராமேஸ்வரத்துப் பிள்ளை

‘ஏழைப் பிள்ளையும் விஞ்ஞானியாகலாம்’ என்பதற்குச் சான்றாக டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் பெயரை மேடைதோறும் கூறுகிறார்கள். கூறட்டும், கூறத்தக்க பெயரே. ஆனால் அவருடைய வரலாற்றை முழுவதும் படித்தால், தனியொருவரின் திறமையை மட்டுமன்றி, அத்திறமை வீணாகாமல் தாங்கிப் பிடித்த கைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவர் 1931ஆம் ஆண்டு இராமேஸ்வரத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப்போர் மூண்ட காலத்தில், எட்டு வயதுப் பிள்ளையாக, புளியங்கொட்டை பொறுக்கிப் பள்ளிவாசல் தெருவிலிருந்த மளிகைக்கடையில் விற்றார். ஒரு நாள் முழுதும் பொறுக்கியதற்கு ஓரணா கிடைத்தது. உறவினர் ஒருவருக்குச் செய்தித்தாள் விநியோகத்தில் உதவியும் சிறிது சம்பாதித்தார். இது உழைப்பு. இதனை எவரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் ஐந்தாம் வகுப்பில் ஒரு சம்பவம் நடந்தது. முன்வரிசையில் அர்ச்சகர் வீட்டுப் பிள்ளையாகிய தம் தோழனோடு அமர்ந்திருந்த அவரை, புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். தோழன் அழுதான். செய்தி தோழனின் தந்தையாரான லட்சுமண சாஸ்திரியாருக்கு எட்டியது. இராமநாதசுவாமி கோவிலின் தலைமை அர்ச்சகராகிய அவர் ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். பிள்ளைகளின் மனத்தில் வேற்றுமையை விதைக்கலாகாதென்று உறுதியாகக் கூறினார். ஆசிரியரும் தம் தவற்றை உணர்ந்தார். இங்கு ஒரு காசும் செலவாகவில்லை. ஆயினும் ஒரு பிள்ளைக்கு அவனுடைய இடம் திரும்பக் கிடைத்தது. அதைப் பெற்றுத் தந்தவர் முன்வரிசைக்கு உரியவராகக் கருதப்பட்ட பிள்ளையின் தகப்பனார் என்பது நாம் கருத்திற்கொள்ள வேண்டியது.

பின்னர் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர இடமும் கிடைத்தபோது, ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அவர் தந்தையாரால் அத்தொகையைப் புரட்ட இயலவில்லை. அவருடைய சகோதரி ஸொஹரா அம்மையார் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அந்த வளையலின் பயனை உலகம் 1980ஆம் ஆண்டு கண்டது; அவர் தலைமையேற்று உருவாக்கிய ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் ஏற்றியது. 2002ஆம் ஆண்டு அவர் பாரத நாட்டின் குடியரசுத் தலைவருமானார்.

இந்த வரலாற்றைக் கேட்டு மகிழ்கிறோம். மகிழ்ந்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அதே இராமேஸ்வரத்தில், அதே ஆண்டுகளில், அதே அறிவோடு, ஆனால் வளையல் போட்ட சகோதரி இல்லாமல் எத்தனை பிள்ளைகள் இருந்திருப்பார்கள்? சாஸ்திரியாரைப் போன்ற ஒருவர் வாய்க்காமல் கடைசி வரிசையிலேயே தங்கிவிட்டவர் எத்தனை பேர்? அவர்களை நாம் அறியோம். அறிய முடியாது என்பதே அந்த நஷ்டத்தின் தன்மை. கடையில் திருடு போன சரக்கு கணக்கில் தெரியும். வாங்காமல் விட்ட சரக்கால் போன லாபம் எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. ஒரு பிள்ளையின் கல்வி அவன் வீட்டு வளையலைப் பொறுத்திருக்குமானால், அதனை நியாயமான ஏற்பாடு என்று நாம் சொல்ல முடியுமா?

பெண்மக்கள் விஷயம்

கதவே திறவாத இடங்களும் இருந்தன. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு தொடங்கி, மருத்துவப் படிப்பில் சேரும் பெண்களின் தொகை மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கப்பட்டிருந்தது. பெண் மருத்துவர்கள் குடும்பப் பொறுப்புக் காரணமாகத் தொழிலைவிட்டு விலகிவிடுகின்றனர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2003ஆம் ஆண்டு அவ்வரையறை நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், ஆணுக்குப் போதுமாயிருந்த மதிப்பெண் பெண்ணுக்குப் போதாமற்போயிற்று. “திறமைக்கே முதலிடம்” என்று கூறும் ஒரு நாட்டிலேயே, திறமையை அளக்கும் தராசில் இவ்வாறு ஒரு கை இருந்திருக்கிறது. கொள்கையில் தகுதி என்று எழுதிவிட்டால் நடப்பிலும் தகுதியே ஆட்சி செய்யும் என்று நம்பிவிடலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

சட்டத்தின் வரையறை நீங்கிற்று; வீட்டின் வரையறை எல்லா வீட்டிலும் நீங்கிவிட்டதா? “பெண்பிள்ளைக்கு எதற்குப் பொறியியல்? ஆசிரியையானால் போதாதா?” என்று ஒரு தகப்பனார் அன்போடுதான் கேட்கிறார். ஆசிரியத் தொழிலும் உயர்ந்ததே. அதனை அவள் விரும்பித் தேர்ந்தால் தடையில்லை. ஆனால் இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படும் பெண்ணுக்கும் அதே விடையைக் கொடுத்தால், அது அன்பாயினும் கதவைச் சாத்தும் அன்புதான்.

படிக்கல்லைக் குறைக்கலாகாது

“அப்படியானால் இவர்களுக்காகப் பரீட்சையை எளிதாக்கிவிட வேண்டும் என்கிறீர்களா?” என்று கேட்பாருளர். இல்லை. தடை கட்டுவது வேறு. படிக்கல்லைக் குறைப்பது வேறு. பாலம் கட்டுபவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பதைப் பாலம் பார்ப்பதில்லை. அளவைத் தாழ்த்தினால், நாம் உயர்த்த விரும்பிய பிள்ளையையே அவமதித்தவர்களாவோம். இவ்வுண்மையை விளக்கும் செய்தி ஒன்று அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்பவர் கணிதத்துறையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அங்கே நுண்கணித வகுப்பில் சேர்ந்த கறுப்பின மாணவர்களுள் பெரும்பாலோர் தோல்வியுறுவதையும், சீன மாணவர்கள் நன்கு தேறுவதையும் கண்டார். காரணம் என்னவென்று ஆசிரியர்களை வினவினார். ஊக்கமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் கல்விக்கு ஆதரவில்லை, வறுமை என்று பலவாறு கூறினர். டிரைஸ்மன் அதோடு அமைந்துவிடவில்லை. கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன மாணவர் 20 பேரையும் தெரிந்தெடுத்து, அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று நேரிலே சென்று நீண்டநாள் கவனித்தார்.

ஆசிரியர்கள் கூறிய காரணங்கள் பொருந்தவில்லை. அக்கறுப்பின மாணவர்களின் பெற்றோர் பிள்ளைகளின் படிப்புக்காகப் பெரும்பாடு பட்டிருந்தனர். பள்ளியில் சிறந்து விளங்கிய பிள்ளைகளும் இங்கே தோற்றனர். வேற்றுமை வேறிடத்தில் இருந்தது. கறுப்பின மாணவர்கள், ஆசிரியர் சொன்னபடி வாரத்துக்கு ஏறக்குறைய 8 மணி நேரம், தனித்தனியே அமர்ந்து படித்தனர். சீன மாணவர்களோ தனியே படித்தபின், மாலையில் ஒன்றுகூடிக் கணக்குகளை ஒப்பிட்டனர். பிழை கண்டவர் பிழையைச் சுட்டினார். எவருக்கும் விளங்காததை எல்லாருமாக முயன்றனர். ஏறக்குறைய 14 மணி நேரம் படிப்பில் சென்றது. தனியே இருந்த மாணவன் தோற்றபோது தனக்கே அறிவில்லை என்று எண்ணினான். கூட்டத்தில் இருந்தவனோ, இந்தக் கணக்கு எல்லாருக்கும் கடினம் என்பதை அறிந்திருந்தான்.

டிரைஸ்மன் செய்த ஏற்பாடு யாது? பின்தங்கியவர்களுக்கான எளிய வகுப்பை அவர் தொடங்கவில்லை. மாணவர்களைக் குழுக்களாகக் கூட்டி, வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். “நீங்கள் தேறாதவர்கள், வாருங்கள்” என்று அழைக்காமல், “நீங்கள் சிறக்கக்கூடியவர்கள், வாருங்கள்” என்று அழைத்தார். அக்குழுக்களில் பயின்ற கறுப்பின மாணவர்கள் மற்றவர்களுக்கு ஈடாகவும், சிலபோது மேலாகவும் தேறினர்.

இதே நெறி பெண்கள் விஷயத்திலும் பலித்திருக்கிறது. அதே கலிபோர்னியாவில் ஹார்வி மட் என்னும் கல்லூரியில், மரியா கிளாவே அம்மையார் தலைமையேற்ற 2006ஆம் ஆண்டளவில், கணினித்துறையைத் தேர்ந்தவர்களில் பெண்கள் ஏறக்குறைய 10 விழுக்காட்டினரே. அங்கே ஆசிரியர்கள் முதற்பாடத்தை மாற்றியமைத்தனர். முன்பே கணினி பழகி வந்தவர்களையும் புதிதாக வந்தவர்களையும் தொடக்கத்தில் வெவ்வேறு வகுப்பில் அமர்த்தினர். வகுப்பில் ஓயாது தம் அறிவைக் காட்டிக்கொண்டிருந்த சிலரைத் தனியே அழைத்து, அந்த உரையாடலை வகுப்புக்குப் பின் வைத்துக்கொள்ளுமாறு இதமாகக் கூறினர். சில ஆண்டுகளில் பெண்களின் தொகை 40 விழுக்காட்டளவுக்கு உயர்ந்தது. படிப்பின் ஆழம் குறையவில்லை.

இவற்றிலிருந்து நாம் அறிவது இதுதான்: கட்டணம் கட்டிவிடுவது உதவியின் ஒரு பகுதி மட்டுமே. வகுப்பில் மரியாதையான ஓரிடமும், கூடிப் படிக்கத் தோழமையும், உயர்ந்த அளவை எதிர்பார்க்கும் ஆசிரியரும் வேண்டும். இவை காசோலையால் மட்டும் வருவன அல்ல.

யாருக்குக் கொடுப்பது?

இனிக் கடினமான ஒரு கேள்வியை நேராகச் சந்திக்க வேண்டும். நிதியிலே ஒரு பிள்ளைக்கே பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனிப்பாட ஆசிரியருள்ள வீட்டுப் பிள்ளை 90 மதிப்பெண் பெற்றிருக்கிறது. ஒட்டுக்கடையில் தட்டுக் கழுவிய பிள்ளை 78 பெற்றிருக்கிறது. யாருக்குக் கொடுப்பது?

முதற்பிள்ளைக்கே கொடுக்க வேண்டும் என்போர், உழைத்துப் பெற்ற மதிப்பெண்ணை மதிக்காவிட்டால் பிள்ளைகள் ஏன் உழைப்பார்கள் என்று கேட்கின்றனர். அதில் நியாயமுண்டு. அப்பிள்ளைக்குப் பரிசு கொடுப்போம், பாராட்டுவோம். ஆனால் பரிசு வேறு, படிப்புக்கான முதல் வேறு. பரிசு முடிந்த காரியத்துக்குக் கொடுப்பது. முதல் இனி நடக்க வேண்டியதற்குப் போடுவது. முதல் போடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, “இந்தப் பணம் எதை மாற்றும்?” என்பதாகும். முதற்பிள்ளை நம் பணம் இல்லாமலும் பல்கலைக்கழகம் செல்லும். இரண்டாம் பிள்ளை நம் பணம் இல்லாவிட்டால் கடையிலேயே நின்றுவிடக்கூடும். அன்றியும் 78 என்பது எங்கிருந்து புறப்பட்டு எட்டிய 78 என்பதையும் எண்ண வேண்டும்.

ஆனால் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுக்கும் விஷயம் இதனின்றும் வேறுபட்டது. அங்கே ஒருவருக்குக் கொடுத்த இடம் இன்னொருவருக்கு இல்லாமற்போகிறது. இழப்பவர் எவருக்கும் தீங்கு செய்யாத ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம். அந்த வாயிலில் நின்று தடை கட்ட முயலும்போது ஒரு பிள்ளையின் குறையை இன்னொரு பிள்ளையின் தலையில் ஏற்ற நேர்கிறது. இச்சங்கடத்தை எளிதிலே தீர்த்துவிடும் சூத்திரம் எதுவும் இல்லை. ஆகவேதான், வாயிலுக்கு வெகுமுன்னரே வேலையைத் தொடங்க வேண்டும் என்கிறோம். பத்து வயதில் ஒரு பிள்ளைக்குப் பின்னக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பதால் எந்தப் பிள்ளையும் எதையும் இழப்பதில்லை.

செய்யத்தக்கவை

நம் சங்கங்கள் ஆண்டுவிழா மேடையில் பல்கலைக்கழக மாணவருக்குக் காசோலை வழங்குகின்றன, அது தொடரட்டும். அதனினும் பயன் தருவன சில உண்டு. ஆரம்பப் பள்ளியின் மேல்வகுப்புகளிலும் இடைநிலைப்பள்ளியின் கீழ்வகுப்புகளிலும் உள்ள பிள்ளைகளுக்கு, வாரத்தில் இரண்டு மாலை, சங்கக் கட்டடத்தில் விளக்கேற்றி மேசை போட்டு, கணிதமும் விஞ்ஞானமும் கூடிப் படிக்க இடம் கொடுக்கலாம். சமூகத்திலுள்ள பொறியியலாளரும் மருத்துவரும் கணினியாளரும் மாதம் ஒருநாள் வந்து அவர்களோடு அமரலாம். பாடத் தெரிவுத் தாள் வீட்டுக்கு வரும் மாதத்தில், பெற்றோரை அழைத்து அதன் பொருளை விளக்கலாம். பெண்பிள்ளைகளும் அங்கே வர ஏற்ற நேரத்தையும் துணையையும் ஏற்பாடு செய்யலாம்.

தனித்த வியாபாரியும் செய்யக்கூடியது உண்டு. தம் கடையில் வேலை செய்பவரின் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று கேட்பதற்குப் பணம் தேவையில்லை. பரீட்சை மாதங்களில் அப்பிள்ளையைக் கடைக்கு அழைக்க வேண்டாம் என்று தகப்பனாரிடம் சொல்வதால் கடை மூழ்கிவிடாது. மாடியில் சரக்கு அடுக்கிய அறையில் ஒரு மூலையை ஒழித்து ஒரு மேசை போட்டால், அதிலிருந்து ஒரு பொறியியலாளர் எழலாம்.

இவையெல்லாம் நம் சக்திக்கு அப்பாற்பட்டவை என்று எவரும் எண்ண வேண்டா. 1946ஆம் ஆண்டு, போர் முடிந்து பஞ்சமும் பற்றாக்குறையும் நீங்காத காலத்தில், சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினர். அப்பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்து, 1982ஆம் ஆண்டுவரை நடந்தது. அதை எழுப்பியவர்கள் பெருஞ்செல்வர்களின் கூட்டமல்லர். பள்ளியில்லாத பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்று கண்டனர், கட்டினர். இன்று பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்குள்ளே சில பிள்ளைகளுக்கு வழி இல்லை. அன்று அவர்கள் கட்டடத்துக்குச் செய்ததை இன்று நாம் அவ்வழிக்குச் செய்ய வேண்டும்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். ஒரு பாத்திரம் கனமானது என்பதை அறியாத கடைக்காரர் தடை கட்டாமல் நிறுத்துவிட்டால், அது அறியாமை. அறிந்த பின்னும் அப்படியே நிறுப்பாரானால், வாங்க வந்தவருக்குச் சேரவேண்டிய எண்ணெய் அவருடைய பீப்பாயில் தங்கிவிடுகிறது. அதை மறுநாள் கொஞ்சம் அவருக்கே இனாமாக வார்த்துவிட்டுத் தருமம் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? எந்தப் பிள்ளை எந்தக் கனத்தோடு வருகிறது என்பது இன்று நமக்குத் தெரியும். தெரிந்தபின் அது உபகாரத்தின் எல்லையைக் கடந்து கடமையின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

உபகாரச் சம்பளம் என்னும் பெயர் வழக்கில் ஊன்றிவிட்டது. அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவ்வகையில் நாம் செலவிடும் ஒவ்வொரு வெள்ளியையும், செலவிடும் ஒவ்வொரு மாலைப்பொழுதையும், தருமக் கணக்கில் எழுதாமல், கொடுக்க வேண்டிய கணக்கில் எழுதுவோமாக.